பொருண்மை வலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொருண்மை வலை என்றால் என்ன?

இணையப் பக்கங்கள் மனிதர்கள் படிப்பதற்காக எழுதப்பட்டவை. ‘எம்.எஸ். சுப்புலட்சுமி மதுரையில் பிறந்தார்’ என்று ஒரு பக்கத்தில் இருந்தால் நமக்கு உடனே விளங்கிவிடும். கணினிக்கு அது வெறும் எழுத்து வரிசை. அதில் யார் ஆள், எது ஊர், இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பதெல்லாம் வெளிப்படையாக எங்கும் குறிக்கப்படவில்லை. அதே தகவலைக் கணினி ஐயமின்றி எடுத்தாளும் வடிவத்தில், வேறு வேறு தளங்களில் இருந்தாலும் ஒன்றோடொன்று கோக்கக்கூடிய முறையில் எழுதிவைப்பதற்கான தர வரையறைகளின் தொகுப்புதான் பொருண்மை வலை. ‘செமான்டிக் வெப்’ என்ற பெயரில் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

தனியாக இன்னோர் இணையம் என்று எதுவும் கிடையாது. இப்போதுள்ள வலையின் மேலேயே, அதே முகவரி முறையில் இயங்குவது இது.

அப்படியானால் கணினிக்குப் பொருள் புரிந்துவிடுகிறதா?

இல்லை. பெயரைப் பார்த்துப் பலரும் ஏமாறும் இடம் இது. ‘பிறந்த இடம்’ என்ற உறவை இன்ன அடையாளத்தால் குறிப்பது என்று மனிதர்கள் முன்கூட்டியே பேசி முடிவு செய்கிறார்கள். அந்த உறவுக்கு என்னென்ன விதிகள் பொருந்தும் என்றும் எழுதிவைக்கிறார்கள். கணினி அவற்றை அட்சரம் பிசகாமல் பின்பற்றுகிறது, அவ்வளவுதான். மதுரை வெயிலோ மல்லிகையோ அதற்குத் தெரியாது. பல்லாயிரம் பேருடைய பிறந்த ஊர்களை மாநிலவாரியாகப் பிரித்துக் கொடுக்க அதெல்லாம் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை.

இது யாருடைய யோசனை?

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயினுடையது. ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றியபோது, 1989 மார்ச்சில் அவர் எழுதிய முன்மொழிவில் ஒரு படம் இருக்கிறது. சில வட்டங்கள், பெட்டிகள், அவற்றை இணைக்கும் அம்புகள். அம்புகளின் மேல் ‘விவரிக்கிறது’, ‘உள்ளடக்குகிறது’, ‘எழுதினார்’ என்று உறவின் பெயரும் இருக்கிறது. பிறகு நடைமுறைக்கு வந்த வலையில் அம்பு மட்டும் மிஞ்சியது; மேலே இருந்த பெயர் காணாமல் போனது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கிறோம். பாராட்டுவதற்காகவா, மறுப்பதற்காகவா, ஆதாரம் காட்டவா என்பதை அந்த இணைப்பு சொல்வதில்லை.

அந்த அம்புகளுக்கு மறுபடியும் பெயர் எழுதும் முயற்சி என்றே பிற்கால வரலாற்றைப் பார்க்கலாம். 1999 பிப்ரவரியில், வலைக்கான தர வரையறைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, தகவலைக் கணினிக்கு எழுதும் முறையான ஆர்டிஎஃப் என்ற அடிப்படை வரையறையைப் பரிந்துரையாக வெளியிட்டது. 2001 மே மாதம் பெர்னர்ஸ்-லீ, ஜேம்ஸ் ஹெண்ட்லர், ஓரா லசிலா மூவரும் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய கட்டுரைதான் ‘செமான்டிக் வெப்’ என்ற பெயரைத் துறைக்கு வெளியேயும் பரப்பியது.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னை ஐஐடியில் இயந்திரப் பொறியியல் படித்த ஆர்.வி. குஹா, டக்ளஸ் லெனட் 1984இல் தொடங்கிய ‘சைக்’ திட்டத்தில் முக்கியப் பங்காற்றியவர். பொது அறிவு முழுவதையும் விதி விதியாகக் கணினிக்கு எழுதிக்கொடுக்கும் பிரம்மாண்ட முயற்சி அது. பிறகு இணைய உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப்பில் நிரலாளர் டிம் பிரேயுடன் சேர்ந்து அவர் செய்த வேலை ஆர்டிஎஃபுக்கு அடித்தளமானது. புதிய செய்திகளைத் தானாகக் கொண்டுசேர்க்க, செய்தித் தளங்களில் ஒரு காலத்தில் எங்கும் காணப்பட்ட ஆர்எஸ்எஸ் ஓடையின் தொடக்கத்திலும், பக்கத்தில் உள்ளது என்ன என்று கணினிக்குக் குறித்துக்காட்ட இன்று கோடிக்கணக்கான பக்கங்களில் இருக்கும் ஸ்கீமா.ஆர்க் சொற்தொகுதியின் தொடக்கத்திலும் அவர் இருக்கிறார். இந்தத் துறையில் பயனர்களிடம் உண்மையிலேயே போய்ச் சேர்ந்தவற்றைப் பட்டியலிட்டால் அவர் பெயர் திரும்பத் திரும்ப வரும். தமிழில் இவரைப் பற்றி யாரும் அதிகம் எழுதாதது எனக்குக் கொஞ்சம் வியப்புதான்.

மும்மை என்கிறார்களே, அது என்ன?

ஆர்டிஎஃபின் அடிப்படை அலகு. எந்தத் தகவலையும் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று மூன்று கூறுகளாக உடைத்து எழுத வேண்டும். பள்ளி இலக்கணப் பாடம் போலவே இருக்கும்:

எம்.எஸ். சுப்புலட்சுமி – பிறந்த இடம் – மதுரை
எம்.எஸ். சுப்புலட்சுமி – பிறந்த நாள் – 1916 செப்டம்பர் 16
எம்.எஸ். சுப்புலட்சுமி – தாய் – ஷண்முகவடிவு
எம்.எஸ். சுப்புலட்சுமி – பெற்ற விருது – பாரத ரத்னா
மதுரை – அமைந்துள்ள பகுதி – மதுரை மாவட்டம்
மதுரை மாவட்டம் – அமைந்துள்ள பகுதி – தமிழ்நாடு

முதல் வரியில் செயப்படுபொருளாக இருந்த மதுரை, ஐந்தாவது வரியில் எழுவாயாகிவிட்டதைக் கவனியுங்கள். முதல் நான்கு வரிகளை ஓர் இசைத் தளமும் கடைசி இரண்டை ஒரு புவியியல் தளமும் எழுதியிருக்கலாம். இரண்டு தளத்தாரும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. ‘மதுரை’ என்பதை ஒரே அடையாளத்தால் குறித்திருந்தால் போதும், ஆறு வரிகளும் தாமாகவே சங்கிலியாகிவிடும். வழக்கமான தரவுத்தள அட்டவணையில் புதிய வகைத் தகவல் ஒன்று வந்தால் நெடுவரிசை சேர்க்க வேண்டும், அமைப்பை மாற்ற வேண்டும். இங்கே இன்னொரு வரி எழுதினால் முடிந்தது.

பெயர் இருக்கும்போது எண் எதற்கு?

சேலம் என்று ஆங்கிலத்தில் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? மாம்பழத்துக்கும் உருக்காலைக்கும் பெயர்பெற்ற நம் சேலம் வரும். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத் தலைநகரும் வரும். 1692இல் சூனியக்காரிகள் என்று பலரைத் தூக்கிலிட்ட மாசசூசெட்ஸ் ஊரும் வரும். மூன்றுக்கும் எழுத்துகள் ஒன்றே. இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. தஞ்சை, தஞ்சாவூர், ஆங்கிலேயர் வழக்கில் டான்ஜோர் எல்லாம் ஒரே ஊர். கணினி மூன்றாக எண்ணும்.

ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் உலகில் வேறு எதற்கும் இல்லாத ஓர் இணைய முகவரியை அடையாளமாகக் கொடுக்கிறார்கள். விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டமான விக்கிடேட்டாவில் அந்த முகவரி ஓர் எண்ணில் முடியும். தமிழ்நாடு கியூ1445, தமிழ் மொழி கியூ5885, சென்னை கியூ1352. உறவுகளுக்கும் இப்படி எண் உண்டு: பிறந்த இடம் பி19, பெற்ற விருது பி166. மெட்ராஸ் 1996இல் சென்னையானபோது பெயர்ப்பலகைகள் எல்லாம் மாறின. இத்தகைய அமைப்பில் பெயர் என்பது எண்ணோடு ஒட்டியிருக்கும் இன்னொரு தகவல்தான். அது மாறினாலும் அடையாளம் அப்படியே நிற்கும். எண்ணுக்கு மொழி இல்லாததால் ஆங்கிலப் பெயர் மூலம், தமிழ்ப் பெயர் அதன் நகல் என்ற ஏற்றத்தாழ்வும் எழுவதில்லை.

இதில் கேள்வி கேட்டால் பதில் எப்படி வருகிறது? ஓர் உதாரணம் காட்ட முடியுமா?

கேட்பதற்கான மொழியின் பெயர் ஸ்பார்க்கிள். 2008 ஜனவரியில் டபிள்யூ3சி பரிந்துரையானது. அதன் சாரம் மிக எளிது: தெரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு மும்மையை எழுதுவது. தமிழ்நாட்டில் பிறந்து பாரத ரத்னா பெற்றவர்கள் யார் என்று கேட்க வேண்டுமானால் இப்படி:

?நபர் – பெற்ற விருது – பாரத ரத்னா
?நபர் – பிறந்த இடம் – ?ஊர்
?ஊர் – அமைந்துள்ள பகுதி, எத்தனை படி ஏறினாலும் – தமிழ்நாடு

மூன்று வரிகளுக்கும் ஒருசேரப் பொருந்தும் ஆட்களைக் கணினி தேடித் தரும். விக்கிடேட்டாவின் வினவல் பக்கத்தில் 2015இலிருந்து யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன், விருதுநகரில் பிறந்த காமராஜர், ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம், கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் முதலானோர் இந்த வலையில் சிக்குவார்கள். ‘எத்தனை படி ஏறினாலும்’ என்பது முக்கியம். அது இல்லாவிட்டால், ஊருக்கும் மாநிலத்துக்கும் நடுவே வட்டமோ மாவட்டமோ நிற்கும் எல்லோரும் விடுபட்டுப்போவார்கள்.

இப்போது சுவாரசியமான பகுதி. இந்தப் பட்டியலில் எம்.ஜி.ஆர். வரமாட்டார். 1988இல் அவருக்குப் பாரத ரத்னா அளிக்கப்பட்டது உண்மை; தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்ததும் உண்மை. ஆனால் பிறந்தது இலங்கையில், கண்டி அருகே உள்ள நாவலப்பிட்டியில். கேள்வியில் ‘பிறந்த’ என்று கேட்டோம், கணினி அதற்கு மட்டும் பதில் சொன்னது. தெருவில் ஒருவரிடம் இதே கேள்வியைக் கேட்டால் எம்.ஜி.ஆர். பெயர்தான் முதலில் வரும். நாம் மனத்தில் கேட்டது ‘தமிழ்நாட்டைச் சேர்ந்த’ என்பதை, எழுதியது வேறு.

அப்படியானால் ‘தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்’ என்றே ஓர் உறவை வைத்துவிடலாமே?

வைக்கலாம். யாரைச் சேர்ப்பது என்ற சண்டை உடனே தொடங்கும்.

விளையாட்டில்லை, எல்லை விவகாரங்களில் இது நிஜமான சிக்கல். டாக்டர் ராதாகிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். 1888இல் திருத்தணியில் பிறந்தார் என்பது பதிவு. அப்போது அது சென்னை மாகாணம். 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது. 1954இல் அவர் பாரத ரத்னா பெற்றார். ம.பொ.சி. முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. அந்த மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றது 1969 ஜனவரியில். ஆக, அவர் விருது பெற்ற நாளில் அவர் பிறந்த ஊர் ஆந்திரத்தில் இருந்தது. இன்று கேட்டால் தமிழ்நாட்டில் இருக்கிறது.

‘திருத்தணி – அமைந்துள்ள பகுதி – தமிழ்நாடு’ என்ற ஒற்றை மும்மையால் இந்த வரலாற்றைத் தாங்க முடியாது. எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்ற குறிப்பை அந்த வாக்கியத்தின் மேலேயே ஏற்ற வேண்டும். வாக்கியத்தைப் பற்றிய வாக்கியம். அடிப்படை ஆர்டிஎஃபில் இதை எழுதுவது சுற்றுவழி. விக்கிடேட்டா தன் அமைப்பிலேயே தொடக்க நாள், முடிவு நாள், ஆதாரம் ஆகியவற்றுக்கு இடம் வைத்திருக்கிறது. புத்திசாலித்தனமான முடிவு அது. காலத்தையும் மூலத்தையும் குறிக்காத தகவல் கிடங்கு எதுவானாலும் சில ஆண்டுகளில் நம்பத் தகுதியற்றதாகிவிடும் என்பது என் கருத்து.

ஆன்டாலஜி என்ற சொல் அடிக்கடி வருகிறதே?

ஒரு துறையில் என்னென்ன வகைப் பொருள்கள் உண்டு, அவற்றுக்கிடையே என்னென்ன உறவுகள் இருக்கலாம், அந்த உறவுகளுக்கு என்ன விதி என்பதை முறையாக எழுதிவைத்த ஒப்பந்தம்தான் ஆன்டாலஜி. பாடகி என்பவர் மனிதர். மனிதரும் ஊரும் ஒன்றாக இருக்க முடியாது. ‘அமைந்துள்ள பகுதி’ தொடர்ந்து செல்லும் உறவு: ஊர் மாவட்டத்தில், மாவட்டம் மாநிலத்தில் என்றால் ஊர் மாநிலத்தில். ‘தாய்’ என்ற உறவைத் திருப்பினால் ‘மகவு’. இத்தகைய விதிகளை எழுதுவதற்கான ‘ஔல்’ மொழி 2004இல் வந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 2009இல்.

நடைமுறையில் வெற்றிபெற்ற ஆன்டாலஜிகளைப் பார்த்தால் பெரும்பாலும் துறைக்குள் உடன்பாடு ஏற்கெனவே இருந்த இடங்கள். 1998இல் தொடங்கிய ஜீன் ஆன்டாலஜி சிறந்த உதாரணம். ஈ, ஈஸ்ட், எலி ஆகியவற்றின் மரபணுக்களைத் தனித்தனியே ஆராய்ந்த குழுக்கள், ஒரே செயலுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டிருந்தால் ஒப்பிடவே முடியாது என்று உணர்ந்து பொதுச் சொற்தொகுதி ஒன்றை உருவாக்கின. இன்று அது இல்லாமல் மரபணு ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டுவது கடினம். ‘உலகம் முழுவதற்கும் ஒரே ஆன்டாலஜி’ என்று கிளம்பியவர்கள் யாரும் கரை சேரவில்லை.

தகவலைத் தவறாக இட்டால் கணினி எச்சரிக்குமா?

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம். ‘பிறந்த இடம் என்ற உறவின் மறுமுனையில் இருப்பது ஓர் ஊர்’ என்று விதி எழுதியிருக்கிறோம். யாரோ கவனக்குறைவாக ‘எம்.எஸ். சுப்புலட்சுமி – பிறந்த இடம் – ஷண்முகவடிவு’ என்று இட்டுவிட்டார்கள். கணினி கத்தும் என்று எதிர்பார்ப்போம். கத்தாது. ‘அப்படியானால் ஷண்முகவடிவு ஓர் ஊர்’ என்று அமைதியாக ஒரு புதிய முடிவுக்கு வரும்!

காரணம், இந்த விதிகள் புதிய முடிவுகளை எட்டுவதற்காக வகுக்கப்பட்டவை; காவல் காப்பதற்காக அல்ல. மனிதரும் ஊரும் ஒன்றாக இருக்க முடியாது என்பதையும் சேர்த்து எழுதியிருந்து, ஷண்முகவடிவு மனிதர் என்பதும் பதிவாகியிருந்தால் மட்டுமே முரண்பாடு வெளிப்படும். தரவு ஒழுங்காக இருக்கிறதா என்று சரிபார்ப்பதற்கென்றே ‘ஷேக்கல்’ என்ற தனி வரையறை வந்தது 2017இல். இத்தனை தாமதமாக வந்தது வருத்தம்தான். அதற்குள் சாதாரண நிறுவன நிரலாளர்கள் பலர் இந்தத் தொழில்நுட்பத்தை விட்டே ஓடியிருந்தார்கள்.

ஒரு தகவல் தரவில் இல்லை என்றால் அது பொய் என்று கொள்ளலாமா?

கூடாது. ரயில் முன்பதிவுப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை என்றால் உங்களுக்கு இடம் இல்லை. அங்கே பட்டியல்தான் உலகம். பொருண்மை வலையில் பட்டியல் எப்போதும் பாதி எழுதப்பட்டது என்றே கருத வேண்டும். ஒருவருக்கு விருது எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் யாரும் இன்னும் எழுதவில்லை என்று மட்டுமே பொருள். விக்கிடேட்டாவில் ஒரு வினவல் ஓட்டிவிட்டு ‘தமிழ் எழுத்தாளர்களில் இத்தனை சதவீதம் பேர்தான் பெண்கள்’ என்று கட்டுரை எழுதிவிடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்த எண், எழுத்தாளர்களைப் பற்றிச் சொல்வதைவிட, பதிவு செய்தவர்களின் அக்கறைகளைப் பற்றியே அதிகம் சொல்லும்.

நான் தினசரி பயன்படுத்தும் எதிலாவது இது இருக்கிறதா?

இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல். கூகுளில் ஒரு பிரபலத்தின் பெயரைத் தேடினால் பக்கவாட்டில் பிறந்த நாள், ஊர், துணைவர் என்று ஒரு பெட்டி வருகிறதல்லவா? 2012 மே மாதம் கூகுள் அறிவித்த நாலெட்ஜ் கிராஃப் என்ற அறிவு வரைபடத்தின் வெளிப்பாடு அது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மெட்டாவெப் என்ற நிறுவனத்தை வாங்கி, அதன் ஃப்ரீபேஸ் தரவுத் தொகுப்பைக் கூகுள் தன்வசமாக்கியிருந்தது. பிபிசி, 2010 உலகக் கோப்பைக் கால்பந்துத் தளத்தில் நூற்றுக்கணக்கான வீரர், அணிப் பக்கங்களை இந்தத் தொழில்நுட்பத்தால் தானாகத் தொகுத்தது.

அதைவிடப் பரவலானது ஸ்கீமா.ஆர்க். 2011 ஜூனில் கூகுள், மைக்ரோசாஃப்டின் பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து வெளியிட்ட பொதுச் சொற்தொகுதி. ஒரு சமையல் குறிப்புப் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பாருங்கள். வாசகர் காணாத ஒரு துண்டில் இது சமையல் குறிப்பு, சமைக்கும் நேரம் முப்பது நிமிடம், நான்கு பேருக்கு, தேவையான பொருள்கள் இவை என்று ஜேசன்-எல்டி வடிவில் எழுதியிருக்கும். தேடல் முடிவில் படத்தோடும் நேரத்தோடும் குறிப்பு தெரிவது அதனால்தான். தளத்தை நடத்துகிறவருக்கு உடனடிப் பலன் இருந்ததால் இது பரவியது. தத்துவத்துக்காக யாரும் செய்யவில்லை.

நீங்கள் படிக்கும் இதுபோன்ற கேள்வி-பதில் பக்கத்துக்கும் அப்படி ஒரு குறியீடு உண்டா?

உண்டு. கேள்வி எது, அதற்குரிய பதில் எது என்று குறித்தால், தேடல் முடிவிலேயே கேள்விகள் விரியும்படி கூகுள் காட்டிவந்தது. உடனே செருப்புக் கடை முதல் சோதிடத் தளம் வரை யாரும் கேட்காத கேள்விகளை உருவாக்கித் தாமே பதில் எழுதித் தேடல் பக்கத்தை நிரப்பினார்கள். 2023 ஆகஸ்டில், நன்கறியப்பட்ட அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று கூகுள் அதைச் சுருக்கிவிட்டது. தேடலில் முந்துவதற்காகப் பக்கத்தின் மூலநிரல் தலைப்பகுதியில் தேடுசொற்களைக் குவித்துவைக்கும் பழைய வழக்கத்துக்கும் இதே கதிதான். வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதே இல்லை என்று 2009இல் கூகுள் வெளிப்படையாகச் சொன்னது. தன்னைப் பற்றித் தானே எழுதும் தகவலில் ஆதாயம் இருக்குமானால் மனிதர்கள் பொய் சொல்வார்கள். இதற்கு எந்தத் தர வரையறையிலும் மருந்து கிடையாது.

2001இல் சொன்ன கனவு தோற்றுவிட்டதா?

சொன்னபடி நடக்கவில்லை. ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ கட்டுரையில் பீட், லூசி என்ற உடன்பிறப்புகள் தாயின் மருத்துவ சிகிச்சைக்கு நேரம் குறிக்க மென்பொருள் முகவர்களை ஏவுவார்கள். முகவர்கள் மருத்துவர்களின் தளங்களையும் காப்பீட்டு விவரங்களையும் தாமே துழாவி, இருவருக்கும் தோதான அட்டவணையோடு திரும்பும். அதற்கு ஒவ்வொரு மருத்துவரும் தம் தரவை உடன்பட்ட வடிவத்தில், இலவசமாக, நேர்மையாக வெளியிட வேண்டும். அவர்கள் ஏன் வெளியிட வேண்டும் என்ற கேள்வியை அப்போது யாரும் அழுத்திக் கேட்கவில்லை. வரையறைகளின் சிடுக்கான எழுத்து நடையும் ஆட்களை விரட்டியது என்பேன்.

நடந்தது வேறு. பெரிய நிறுவனங்கள் தங்கள் மதிலுக்குள்ளே அறிவு வரைபடங்களைக் கட்டிக்கொண்டன. ஃப்ரீபேஸ் 2016இல் மூடப்பட்டது. பொதுவெளியில் நிலைத்தது விக்கிடேட்டா: 2012 அக்டோபரில் தொடங்கியது, இன்று பத்துக் கோடிக்கும் மேற்பட்ட உருப்படிகள், எவரும் எதற்கும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தும் உரிமம்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் வந்த பிறகு இதெல்லாம் தேவையா?

முன்னைவிட அதிகமாகத் தேவை என்று நினைக்கிறேன். இந்த உரையாடிகளுக்கு அடிப்படையான பெருமொழி மாதிரிகள், சொற்கள் எப்படித் தொடர்ந்து வரும் என்பதைக் கற்றவை. சாதாரண நடையில் கேட்கும் கேள்வியை அவை அருமையாகப் பிடித்துக்கொள்கின்றன. ஸ்பார்க்கிள் யாரும் கற்க வேண்டியதில்லை. ஆனால் எம்.எஸ். பிறந்த ஆண்டு 1916 என்ற விடை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவற்றால் மூலத்தை உறுதியாகக் காட்ட முடியாது. பல நேரம் இல்லாத மூலத்தைப் புனைந்துவிடும். அறிவு வரைபடத்தில் அந்த ஆண்டு ஒரு தனி வாக்கியம். ஆதாரம் பக்கத்திலேயே இருக்கும், தவறென்றால் அந்த ஒன்றை மட்டும் திருத்தலாம்.

இரண்டையும் இணைப்பதே இப்போதைய போக்கு. மொழி மாதிரி உங்கள் கேள்வியை வினவலாக மாற்றும், வரைபடம் விடை தரும், மாதிரி அதை நாம் எளிதாகப் படிக்கக்கூடிய தமிழில் எழுதும். இதிலும் மேலே பார்த்த எம்.ஜி.ஆர். சிக்கல் தீராது. ‘சேர்ந்த’ என்று கேட்டதை ‘பிறந்த’ என்று மாதிரி சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

தமிழர்களுக்கென்று இதில் தனிச் சிக்கல் ஏதும் உண்டா?

பெயர்தான் முதல் சிக்கல். ஸ்கீமா.ஆர்க்கில் மனிதர் என்ற வகைக்கு இட்ட பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். குடும்பப் பெயருக்குரிய விளக்கத்திலேயே அமெரிக்க வழக்கப்படி கடைசியில் வரும் பெயர் என்று எழுதியிருக்கிறது. எம்.எஸ். சுப்புலட்சுமியை இதில் எப்படி அடைப்பது? எம் என்பது மதுரை, ஊர். எஸ் என்பது ஷண்முகவடிவு, தாய். சுப்புலட்சுமி என்பது அவருக்கு இட்ட பெயர், அது கடைசியில் வருகிறது. குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும் நிரல், அவருடைய சொந்தப் பெயரையே ஒரு குடும்பத்துக்குத் தாரைவார்த்துவிடும். பாஸ்போர்ட், விசா படிவங்களில் நம்மில் பலரும் பட்ட பாடுதான். வேற்று நாட்டார் யாரோ போட்ட ஒப்பந்தத்தில் நாம் இல்லை என்பதன் விளைவு. விக்கிடேட்டாவில் தந்தைவழி, தாய்வழிப் பெயருக்குத் தனி உறவு இருப்பதால் நிலைமை கொஞ்சம் தேவலை.

இரண்டாவது, தமிழில் பெயரிடப்படாத உருப்படிகள். வினவல் பக்கத்தில் விடைகளைத் தமிழில் கேட்டால், தமிழ்ப் பெயர் எழுதப்படாத ஒவ்வொன்றும் வெறும் கியூ எண்ணாக வந்து நிற்கும். பட்டியலில் நடுநடுவே எண்கள் மட்டும் தெரியும்போது யாருடைய வேலை பாக்கியிருக்கிறது என்று நன்றாகவே புரியும்.

மூன்றாவது, மூலத் தரவு. திறந்த தரவுக்கு ஐந்து நட்சத்திர அளவுகோல் ஒன்றைப் பெர்னர்ஸ்-லீ 2010இல் வகுத்தார். திறந்த உரிமத்தில் எப்படியாவது இணையத்தில் இருந்தால் ஒன்று. கணினி படிக்கும் அட்டவணையாக இருந்தால் இரண்டு. எந்த நிறுவனத்தின் மென்பொருளையும் சாராத வடிவமென்றால் மூன்று. தனி முகவரிகளால் குறித்திருந்தால் நான்கு. பிற தரவுகளோடு இணைத்திருந்தால் ஐந்து. இந்திய அரசின் திறந்த தரவுத் தளம் 2012இல் வந்தது, அதில் அட்டவணைகள் கிடைக்கின்றன. ஆனால் அச்சிட்டு, கையொப்பமிட்டு, சாய்வாக ஸ்கேன் செய்து ஏற்றிய அறிவிக்கைகள் இன்னும் குவிந்துகொண்டுதான் இருக்கின்றன. உரிமம் எதுவும் குறிப்பிடாததால் அவற்றுக்கு அந்த ஒரு நட்சத்திரமும் தேறாது.

நிரல் எழுதத் தெரியாது. எங்கிருந்து தொடங்கலாம்?

உங்கள் ஊரிலிருந்து. விக்கிடேட்டாவில் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். தமிழ்ப் பெயர் இல்லையென்றால் சேருங்கள். வழக்கில் உள்ள மாற்றுப் பெயர்களையும் அதற்குரிய இடத்தில் எழுதுங்கள். சுப்புலட்சுமி, சுப்புலக்ஷ்மி என்று எழுத்து வேறுபடும் பெயர்களுக்கு இது மிகவும் உதவும். ஒருவரி விளக்கம் சுருக்கமாக இருக்கட்டும், ‘இந்திய கர்நாடக இசைப் பாடகி’ என்ற அளவில், புகழுரை வேண்டாம்.

கை பழகியதும் வினவல் பக்கத்துக்குப் போங்கள். அங்கே ஆயத்தமான உதாரண வினவல்கள் நிறைய உண்டு. ஒன்றை எடுத்து நாட்டையோ விருதையோ மட்டும் மாற்றி ஓட்டிப் பார்ப்பதே கற்க எளிய வழி. ஒரு வினவலுக்கு அறுபது நொடிதான் அவகாசம், அதற்குள் முடியாவிட்டால் நின்றுவிடும், கேள்வியைச் சுருக்கிக்கொள்ளுங்கள். இரண்டு உருப்படிகள் ஒன்றேபோல் தெரிந்தால் அவசரப்பட்டு இணைத்துவிடாதீர்கள். மதுரை நகரம், மதுரை மாவட்டம், மதுரை மக்களவைத் தொகுதி மூன்றும் வேறு வேறு. இணைத்தால் மாவட்ட மக்கள்தொகை நகரத்தின் தலையில் ஏறிவிடும், பிரித்தெடுப்பது பெரும்பாடு. எந்தத் தகவலைச் சேர்த்தாலும் கீழேயே ஆதாரத்துக்கு இடம் இருக்கிறது. நூலின் பெயர், பக்க எண், செய்தித்தாளின் தேதி, எது கையில் இருக்கிறதோ அதைக் கொடுங்கள்.